தரவு திரட்டும் அமைப்பு எந்த வகை? அறிகுறியைப் பிடித்துப் பிழையைத் தேடும் வழி

ஒரு நீரேற்று நிலையத்தின் தொட்டி மட்டம் ஸ்கிரீனில் நாற்பது நிமிடமாக 3.42 மீட்டரிலேயே நிற்கிறது என்று அழைப்பு வந்தது. "டேட்டா வரவில்லை" என்பதுதான் புகார். போனதும் ரேடியோ மோடத்தைப் பார்த்தோம், ஆன்டெனா கேபிளை மாற்றினோம், ஆர்டியூவை (நிலையத்தின் அளவீடுகளைச் சேர்த்து அனுப்பும் பெட்டி) ஒருமுறை அணைத்துப் போட்டோம். மூன்று மணி நேரம் போனது. கடைசியில் தொட்டியின் மேல் ஏறி அளந்து பார்த்தால், மட்டம் உண்மையிலேயே 3.42 மீட்டர். பம்பு நின்றிருந்தது, வெளியேறும் வால்வும் மூடியிருந்தது. அந்த இணைப்பு, மட்டம் 2 சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் மட்டும் பேசும் வகை. மாறவில்லை, பேசவில்லை. விநாடிக்கு விநாடி கேட்டு வாங்கும் வகை என்று நினைத்துக்கொண்டு நாங்கள் தேடியதால்தான் அவ்வளவு நேரம் வீணானது.

அன்று முதல், எந்தப் புகார் வந்தாலும் முதலில் இணைப்பின் வகையைத் தெரிந்துகொண்ட பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறேன். ஒரே அறிகுறிக்கு ஒரு வகையில் கேபிள் காரணம், இன்னொரு வகையில் ஒரு செட்டிங் காரணம், மூன்றாவது வகையில் காரணமே இல்லை, அது இயல்பு. கீழே உள்ளதெல்லாம் இந்த வரிசையில்தான் போகிறது.

முதல் பத்து நிமிடம்: வகையைக் கண்டுபிடிப்பது

ஸ்காடா (தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பு), டிசிஎஸ் (ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்பு), ஹிஸ்டோரியன் (அளவீடுகளை நேரத்தோடு சேமிக்கும் தரவுத்தளம்), ஐஐஓடி (தொழிற்சாலைக் கருவிகளுக்கான இணைய) தளம், டேட்டா கான்சென்ட்ரேட்டர் என்று பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் அதை வைத்துப் பிழை தேட முடியாது. "ஸ்காடா" என்று விற்கப்படுவதில் பாதி, உள்ளே பார்த்தால் தரவைச் சேமித்துப் படம் வரையும் வேலை மட்டும் செய்கிறது. "கிளவுட் தளம்" என்று சொல்லப்படுவதற்குள் பழைய மோட்பஸ் (கருவிகளிடம் மதிப்பைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) சர்வர் ஒன்று உட்கார்ந்திருக்கும். நான் கேட்பது நான்கே கேள்விகள்.

பேச்சை யார் தொடங்குகிறார்கள்? மேலே உள்ள சர்வர் கேட்டால்தான் கருவி பதில் சொல்லுமா, மாற்றம் வந்தால் கருவி தானே சொல்லுமா, அல்லது நடுவில் ஒரு புரோக்கரிடம் (செய்திகளை வாங்கி, வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் சர்வர்) போட்டுவிட்டுப் போய்விடுமா? அடுத்து, நேர முத்திரையை யார் குத்துகிறார்கள்: கருவியா, கேட்வேயா (கருவிகளையும் சர்வரையும் இணைக்கும் நடுப்பெட்டி), சர்வரா? மூன்றாவது, இணைப்பு அறுந்தால் அந்த நேரத்துத் தரவு எங்கே தங்கும்? நான்காவது, மேலிருந்து கீழே கட்டளை போகுமா, அல்லது இது பார்வைக்கு மட்டுமா?

இதில் ஒன்றை விளக்கியாக வேண்டும். நான்கு கேள்விகளையும் மொத்த அமைப்புக்கும் சேர்த்து ஒருமுறை கேட்டால் பதில் குழம்பும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரு மின் அளவீட்டு மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரிலிருந்து கேட்வே வரை ஆர்எஸ்-485 கம்பியில் மோட்பஸ்; அது கேட்டு வாங்கும் வகை, நேர முத்திரை கிடையாது. கேட்வேயிலிருந்து புரோக்கர் வரை எம்க்யூடிடி, அதாவது புரோக்கர் வழியாகச் செய்தி அனுப்பும் நெறிமுறை. அது போட்டுவிட்டுப் போகும் வகை, நேரத்தைக் கேட்வே குத்தலாம், குத்தாமலும் விடலாம். புரோக்கரிலிருந்து ஹிஸ்டோரியன் வரை ஒரு சந்தா, புதிய செய்தி வந்ததும் புரோக்கரே கொடுக்கும் வகை. ஹிஸ்டோரியனிலிருந்து ரிப்போர்ட் வரை மறுபடியும் கேட்டு வாங்கும் வகை. ஒரே எண், நான்கு இணைப்பு, மூன்று வகை. எந்த இணைப்பில் பிழை என்று தெரியாமல் "சிஸ்டம் சரியில்லை" என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை.

ஆவணம் இல்லாத இடத்தில் வயர்ஷார்க்கை (நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் மென்பொருள்) ஸ்விட்ச்சின் மிரர் போர்ட்டில் (மற்ற போர்ட்டுகளின் போக்குவரத்தை நகலெடுத்துக் கொடுப்பது) மாட்டி ஐந்து நிமிடம் பாருங்கள். பாக்கெட்டில் உள்ள போர்ட் எண்ணே எந்த நெறிமுறை என்று பாதி சொல்லிவிடும். 502 என்றால் மோட்பஸ் டிசிபி. 20000 என்றால் டிஎன்பி3. 2404 என்றால் ஐஈசி 104. 4840 என்றால் ஓபிசி யூஏ. 1883 அல்லது 8883 என்றால் எம்க்யூடிடி, இரண்டாவது மறையாக்கத்தோடு. எண்ணை மாற்றி வைத்திருப்பவர்களும் உண்டு, ஆனால் அது அபூர்வம்.

இணைப்பைத் திறப்பவரும் பேச்சைத் தொடங்குபவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. ஐஈசி 104-ல் கட்டுப்பாட்டு அறைதான் இணைப்பைத் திறக்கும். திறந்த பிறகு மாற்றங்களைத் தானாக அனுப்புவது கீழே உள்ள நிலையம். முதல் பாக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு "இது கேட்டு வாங்கும் வகை" என்று முடிவுகட்டினால் தவறிவிடுவீர்கள். இணைப்பு நிலைத்த பிறகு ஒரு நிமிடம் ஓடும் பாக்கெட்டுகளைப் பாருங்கள். கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று தாளம் தப்பாமல் ஓடினால் அது கேட்டு வாங்கும் வகை. நீண்ட அமைதி, திடீரென நான்கைந்து செய்தி, மீண்டும் அமைதி என்றால் மாறினால் சொல்லும் வகை. 104-ல் ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பிய காரணம் ஓர் எண்ணாக இருக்கும்: 3 என்றால் தானாக அனுப்பியது, 20 என்றால் பொது விசாரணைக்கான (எல்லா மதிப்பையும் மொத்தமாகக் கேட்பது) பதில். இந்த ஓர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பல வாக்குவாதங்கள் தீரும்.

அறிகுறி: எண் அசையாமல் நிற்கிறது

அதிகமாக வரும் புகாரும் இதுதான், அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் கேள்வி: அந்த ஒரு எண் மட்டுமா, அதே கருவியின் எல்லா எண்களுமா, அதே கம்பியில் உள்ள எல்லாக் கருவிகளுமா? ஒரே ஒரு டேக் (மென்பொருளில் ஓர் அளவீட்டுக்கு வைத்த பெயர்) நின்றால் சென்சாரையோ டேக் அமைப்பையோ பாருங்கள். கருவி முழுக்க நின்றால் அந்தக் கருவியின் மின்சாரம், முகவரி. கம்பி முழுக்க நின்றால் கேட்வேயின் போர்ட், அல்லது கம்பியின் இரு முனையிலும் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர்.

கேட்டு வாங்கும் வகையில் நிஜமான ஆபத்து கேட்வேயில் இருக்கிறது. கீழே உள்ள மீட்டர் செத்துப்போனாலும், கடைசியாகக் கிடைத்த மதிப்பைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மேலிருந்து யார் கேட்டாலும் அதையே கொடுத்துக்கொண்டிருக்கும் கேட்வேக்கள் நிறைய உண்டு. சர்வருக்கும் கேட்வேக்கும் நடுவில் மோட்பஸ் டிசிபி நன்றாகவே ஓடும். சர்வர் "இணைப்பு சரி" என்று பச்சை விளக்கு காட்டும். பொய் அந்தப் பச்சை விளக்கில் இல்லை, அது சொல்வது மேல் இணைப்பைப் பற்றி மட்டும். கீழ் இணைப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கேட்வேயின் அமைப்பில், கருவி பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்ற தேர்வு இருக்கும்: பழைய மதிப்பை வைத்திரு, பூஜ்ஜியம் ஆக்கு, பிழைக் குறியீடு அனுப்பு. மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். பூஜ்ஜியம் ஆக்குவது இன்னும் மோசம். நின்றுபோன மோட்டாரையும் அறுந்த கம்பியையும் பூஜ்ஜியம் ஒன்றாக்கிவிடும்.

பிழைக் குறியீடு அனுப்ப முடியாத கேட்வே என்றால், அது ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிலை ரிஜிஸ்டரை (ரிஜிஸ்டர் என்பது எண்ணைத் தாங்கும் நினைவக இடம்) வைத்திருக்கிறதா என்று கையேட்டில் தேடுங்கள். இருந்தால் அதையும் ஒரு டேக்காக எடுத்து, மதிப்பின் பக்கத்திலேயே காட்டுங்கள். அதுவும் இல்லையென்றால், கருவிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஏதாவது ஓர் எண்ணை, எடுத்துக்காட்டாக கருவியின் கடிகார விநாடியை, இதயத்துடிப்பு போலப் படியுங்கள். அது நின்றால் அலாரம். பிஎல்சியாக (நிரல் எழுதி இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) இருந்தால் ஒவ்வொரு விநாடியும் ஒன்று கூட்டும் கவுன்டரை நீங்களே இரண்டு வரியில் எழுதிவிடலாம்.

மாறினால் சொல்லும் வகையில், முதலில் டெட்பேண்ட் (மதிப்பு எவ்வளவு மாறினால் கருவி பேசும் என்ற அளவு) எவ்வளவு என்று பாருங்கள். பிறகு, சர்வர் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எல்லா மதிப்பையும் மொத்தமாகக் கேட்கிறது என்று பாருங்கள். டிஎன்பி3-ல் இது கிளாஸ் 0 (தற்போதைய மதிப்புகள் எல்லாம்) சேர்ந்த முழு விசாரணை. 104-ல் பொது விசாரணை. இது அமைக்கப்படவே இல்லை என்றால், ஒரு செய்தி வழியில் தொலைந்தால் அடுத்த மாற்றம் வரை ஸ்கிரீன் தவறாகவே இருக்கும். முதலில் சொன்ன தொட்டி நிலையத்தில் மொத்த விசாரணை நாளைக்கு ஒருமுறைதான் நடந்துகொண்டிருந்தது. அதை 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றி, கடைசியாகச் செய்தி வந்த நேரத்தையும் மதிப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் காட்டினோம். அந்த மாதிரிப் புகார் பிறகு வரவில்லை.

எம்க்யூடிடி வகையில் காரணம் வேறு. அனுப்பும்போது "தக்கவை" கொடி போட்டிருந்தால், புரோக்கர் அந்தத் தலைப்பின் கடைசிச் செய்தியைப் பிடித்து வைத்திருக்கும். புதிதாகச் சந்தா சேரும் எவருக்கும் அதைக் கொடுக்கும். மூன்று நாள் முன்பு செத்த கருவியின் மதிப்பு, டாஷ்போர்டை ரீஸ்டார்ட் செய்ததும் பளிச்சென்று தோன்றும். கருவி உயிரோடிருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். பழைய செய்தி என்பதைச் சந்தாதாரர் அதே கொடியைப் பார்த்து அறியலாம். பெரும்பாலான டாஷ்போர்டுகள் பார்ப்பதில்லை. இதற்கு மருந்து, கருவி இணையும்போதே ஒரு கடைசிச் செய்தியைப் புரோக்கரிடம் ஒப்படைத்து வைப்பது. கருவி சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தால் புரோக்கரே அதை வெளியிடும். ஸ்பார்க்பிளக் என்ற மேலடுக்கு இதைப் பிறப்புச் செய்தி, இறப்புச் செய்தி என்று கட்டாயமாக்குகிறது. புதிதாக அமைப்பவர்கள் அதை எடுத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

ஓபிசி யூஏ என்றால் வேலை சுலபம். ஒவ்வொரு மதிப்போடும் ஒரு தரக்குறியும், மூல நேரமும், சர்வர் நேரமும் வரும். தரக்குறியைப் படித்தாலே போதும். படிக்காமல் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் மென்பொருள்தான் பிரச்சினை.

அறிகுறி: எல்லாம் வருகிறது, ஆனால் தாமதமாக

"நெட்வொர்க் ஸ்லோ" என்று சொல்லி ஸ்விட்ச்சை மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஆர்எஸ்-485 கம்பி, விநாடிக்கு 9600 பிட் வேகம், 30 மின் மீட்டர்கள், ஒவ்வொன்றிலும் 10 ரிஜிஸ்டர். மோட்பஸ் ஆர்டியூவில் (இந்தக் கம்பியில் ஓடும் மோட்பஸ் வடிவம்) ஒரு பைட் 11 பிட், அதாவது ஏறக்குறைய 1.15 மில்லி விநாடி. கேள்வி 8 பைட், பதில் 25 பைட், மொத்தம் 33 பைட்டுக்கு 38 மில்லி விநாடி. ஒவ்வொரு செய்திக்கும் நடுவில் மூன்றரை எழுத்து நேரம் அமைதி வேண்டும். மீட்டர் யோசிக்கும் நேரமும் சேர்ந்து ஒரு மீட்டருக்கு 65 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டருக்கு ஒரு சுற்று 2 விநாடி. நன்றாகவே இருக்கிறது.

இப்போது இரண்டு மீட்டர்கள் அணைக்கப்பட்டுவிட்டன. டைம்-அவுட் 1 விநாடி, தோற்றால் இன்னும் இரண்டு முறை முயற்சி. செத்த ஒவ்வொரு மீட்டருக்கும் 3 விநாடி, இரண்டுக்கும் 6. சுற்று 2 விநாடியிலிருந்து 8 விநாடிக்குத் தாவிவிட்டது. பிழை அந்த இரண்டு மீட்டரில், புகாரோ மற்ற 28-ஐப் பற்றி வருகிறது. நன்றாக வேலை செய்யும் மீட்டர்களைக் கழற்றிப் பரிசோதித்துக்கொண்டிருக்கும் நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள்மேல் தவறே இல்லை, அறிகுறி அங்கேதான் காட்டுகிறது.

செய்ய வேண்டியது: டைம்-அவுட்டை அந்தக் கருவிகளின் நிஜமான பதில் நேரத்தைப் போல மூன்று நான்கு மடங்குக்கு இறக்குங்கள். பதில் சொல்லாத கருவியைச் சில சுற்றுகளுக்குத் தள்ளிவைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் தட்டிப் பார்க்கும் வசதி கேட்வேயில் இருந்தால் போடுங்கள். ரிஜிஸ்டர்களைத் தனித்தனியாகக் கேட்காமல் சேர்த்துக் கேளுங்கள். ஒரே கேள்வியில் 125 ரிஜிஸ்டர் வரை கேட்கலாம். நடுவில் தேவையில்லாத பத்து ரிஜிஸ்டர்கள் வந்தாலும், இன்னொரு கேள்வி கேட்பதை விட அது மலிவு. ஆனால் சில கருவிகள் நடுவில் இல்லாத முகவரி ஒன்று இருந்தால் மொத்தக் கேள்வியையும் நிராகரித்துவிடும், சோதித்துப் பார்த்துச் சேருங்கள்.

மற்ற வகைகளில் இந்தத் தாமதம் வந்தால் இந்தக் கணக்கு உதவாது. எம்க்யூடிடியில் தாமதம் பெரும்பாலும் அனுப்புபவரின் இடைவெளி அமைப்பிலோ, மெதுவாகப் படிக்கும் சந்தாதாரர் பின்னால் குவியும் வரிசையிலோ இருக்கும்.

அறிகுறி: இணைப்பு அறுந்த நேரத்துக்குத் தரவு இல்லை

இதில் இரண்டு முகங்கள் உண்டு. டிரெண்டில் (மதிப்பு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடம்) வெற்று இடைவெளி இருக்கும்; அல்லது இடைவெளி முடிந்ததும் ஒரே விநாடியில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் செங்குத்துக் கோடாகக் குவிந்திருக்கும். இரண்டாவதைப் பார்த்தால் நிம்மதிப்படுங்கள். தரவு தப்பிவிட்டது, யாரோ சேமித்து வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நேர முத்திரைதான் தவறான இடத்தில் குத்தப்படுகிறது, அதாவது வந்து சேர்ந்த இடத்தில். கேட்வே அனுப்பும் செய்திக்குள்ளேயே நேரத்தையும் வைத்து அனுப்பச் சொல்லி, மேலே உள்ள மென்பொருளை அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னால் முடிந்தது.

வெற்று இடைவெளி என்றால் மூன்றாவது கேள்விக்குப் போங்கள். மோட்பஸ் 1979-ல் பிஎல்சிகளுக்காகப் பிறந்தது. அதன் செய்தியில் நேரத்துக்கும் பழைய மதிப்புக்கும் இடமே இல்லை. கேட்காத நேரத்தில் நடந்ததை அதனிடம் பிறகு கேட்டு வாங்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப ஒரே வழி, கருவிக்குப் பக்கத்திலேயே சேமித்து அனுப்பும் கேட்வே ஒன்றை வைப்பது. டிஎன்பி3-ல் நிலையத்துக்குள்ளேயே நிகழ்வுகளைச் சேர்த்து வைக்கும் பஃபர் உண்டு. இணைப்பு திரும்பியதும் நேரத்தோடு வரும். அப்படியும் இடைவெளி இருந்தால் பஃபர் நிரம்பி வழிந்திருக்கும். வழிந்ததை நிலையம் தன் பதிலில் ஒரு பிட்டை ஏற்றிச் சொல்கிறது. அந்த பிட்டை அலாரமாக வைக்காத அமைப்புகளே நான் பார்த்ததில் அதிகம். பஃபரை நிரப்புவது பெரும்பாலும் டெட்பேண்ட் இல்லாமல் விடப்பட்ட ஒரே ஓர் அனலாக் டேக். அதிரும் அழுத்தமானி ஒன்று மொத்த இடத்தையும் தின்றுவிடும்.

எம்க்யூடிடியில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: க்யூஓஎஸ் 1 (செய்தியை ஒருமுறையாவது சேர்ப்பேன் என்ற நிலை) போட்டால் தரவு தொலையாது என்று. க்யூஓஎஸ் என்பது ஒரு கிளையன்டுக்கும் புரோக்கருக்கும் நடுவில் மட்டும் உள்ள வாக்குறுதி. சந்தாதாரர் குறைந்த க்யூஓஎஸ்-ல் சேர்ந்திருந்தால் அவருக்கு அந்தக் குறைந்ததுதான் கிடைக்கும். அவர் சுத்தமான செஷனோடு (பழையதை மறந்து புதிதாகத் தொடங்குவது) இணைந்திருந்தால், அறுந்திருந்த நேரத்துச் செய்திகளைப் புரோக்கர் அவருக்காக வைத்திருக்காது. கேட்வே மென்பொருள் தன் வரிசையை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால், மின்சாரம் போனதும் வரிசையும் போகும். மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள்: கேட்வேயின் நெட்வொர்க் கேபிளைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டுங்கள், ஹிஸ்டோரியனின் கனெக்டரை நிறுத்தி ஓட்டுங்கள், கடைசியாகக் கேபிளைக் கழற்றிய நிலையிலேயே கேட்வேயின் மின்சாரத்தையும் எடுத்துப் போடுங்கள். எந்தச் சோதனையில் ஓட்டை விழுகிறதோ அந்த இணைப்பில்தான் பிழை.

அறிகுறி: நேரம் பொருந்தவில்லை

பிரேக்கர் விழுந்த பிறகுதான் மின்னழுத்தம் குறைந்தது என்று நிகழ்வுப் பட்டியல் சொல்கிறது, நடந்ததோ தலைகீழ். இரண்டும் வெவ்வேறு கடிகாரத்தில் முத்திரை குத்தப்பட்டவை. சரியாக ஒரு மணி நேரம், அரை மணி நேரம் என்று முழுசாகத் தள்ளியிருந்தால் அது நேர மண்டலம். எல்லா இணைப்பிலும் யூடிசி (உலகப் பொது நேரம்) வைத்து, ஸ்கிரீனில் மட்டும் உள்ளூர் நேரமாக மாற்றுங்கள். 1970 ஜனவரி 1 என்று வந்தால் கருவி மின்சாரம் போய் வந்த பிறகு நேரத்தையே பெறவில்லை. உள்ளே இருக்கும் பேட்டரியையும் என்டிபிக்கான (கடிகாரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறை) யூடிபி 123 போர்ட் ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில விநாடிகள் மெதுவாக விலகிக்கொண்டே போனால் ஒத்திசைவு இல்லை. கேட்டு வாங்கும் வகையில் நிகழ்வுகளின் வரிசையை நிரூபிக்கவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள், 2 விநாடிச் சுற்றில் அந்த 2 விநாடிக்குள் எது முன்னால் என்று யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறி: எண் வருகிறது, ஆனால் எண்ணே தவறு

வெப்பநிலை 25 டிகிரி வர வேண்டிய இடத்தில் ஸ்கிரீனில் 0.00. இணைப்பு சரி, தரக்குறி சரி. இந்த இடத்தில் மென்பொருளை மூடிவிட்டு, மூல ரிஜிஸ்டர்களை முழு எண்ணாகப் படியுங்கள். 16840, 0 என்று இரண்டு எண்கள் வரும். 25.0 என்ற 32 பிட் தசமத்தின் இரண்டு பாதிகள் அவை. சரியான வரிசையில் சேர்த்தால் 25. இடம் மாற்றி 0, 16840 என்று சேர்த்தால் பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் ஓர் எண். இரண்டு தசமத்துக்குச் சுருக்கும் ஸ்கிரீனில் அது 0.00. சென்சாரில் ஒரு குறையும் இல்லை. டேக் அமைப்பில் வார்த்தை வரிசையை (எந்த ரிஜிஸ்டர் முன்னால் என்பதை) மாற்றுங்கள்.

குளிர் அறையின் வெப்பநிலை 6548.6 என்று வந்தால் அதுவும் இப்படித்தான். -5.0 டிகிரியைப் பத்தால் பெருக்கி -50 என்று அனுப்புகிறது கருவி. 16 பிட்டில் அது 65486. குறி உள்ள எண் என்று சொல்லாமல் விட்டால் பத்தால் வகுத்து 6548.6 என்று காட்டும். கையேட்டில் 40108 என்று எழுதியிருந்தால் கம்பியில் போக வேண்டியது 107: முதல் 4 ரிஜிஸ்டரின் வகை, கம்பியில் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஒன்று தள்ளிப் படித்தால் பக்கத்து அளவீட்டின் பாதியும் இதன் பாதியும் ஒட்டி அர்த்தமில்லாத எண் வரும்.

இன்னொன்று மெல்லத் தெரியும். யூனிட் கணக்கு பல ஆண்டு ஒழுங்காக ஏறிவிட்டு, ஒருநாள் முதல் இரண்டிரண்டாக ஏறத் தொடங்குகிறது. 32 பிட் தசம வடிவம் 1,67,77,216 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் துல்லியமாகக் காட்டும். அதற்கு மேல் ஒற்றைப்படை எண்களுக்கு இடமில்லை. அதே அளவீட்டை முழு எண்ணாகக் கொடுக்கும் ரிஜிஸ்டர் மீட்டரில் அநேகமாக இருக்கும், அதற்கு மாறுங்கள்.

4-20 மில்லியாம்பியர் சென்சார் என்றால், 3.6-க்குக் கீழே வருவதைக் குறைந்த மதிப்பாகக் காட்டாதீர்கள். அது கம்பி அறுந்ததற்கோ சென்சார் பழுதுக்கோ உரிய பகுதி.

அறிகுறி: இணைப்பு விட்டுவிட்டு அறுகிறது

தாளத்தைக் கவனியுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை இரண்டு கேட்வேக்கள் மாறிமாறி விழுந்து எழுந்தால், இரண்டுக்கும் ஒரே கிளையன்ட் அடையாளம். எம்க்யூடிடி விதிப்படி அதே அடையாளத்தில் புதியவர் வந்தால் புரோக்கர் பழையவரைத் துண்டித்தாக வேண்டும். பழையவர் திரும்ப வருவார், புதியவர் விழுவார். ஒரு கேட்வேயின் மெமரி கார்டை நகலெடுத்து இன்னொன்றில் போட்ட இடங்களில் எல்லாம் இதை எதிர்பார்க்கலாம்.

பேச்சில்லாமல் சில நிமிடம் கழித்து மட்டும் அறுந்தால் நடுவில் உள்ள ஃபயர்வாலோ மொபைல் நெட்வொர்க்கோ சும்மா இருக்கும் இணைப்பை மறந்துவிடுகிறது. இரு முனைகளுக்கும் அது தெரியாது. லினக்ஸின் இயல்பான டிசிபி உயிர்ச்சோதனை 7200 விநாடி கழித்துத்தான் தொடங்கும், அதுவும் மென்பொருள் கேட்டிருந்தால். எம்க்யூடிடியின் கீப்-அலைவை (பேச்சில்லாவிட்டாலும் உயிரோடிருப்பதைச் சொல்லும் இடைவெளி) அந்த நெட்வொர்க் மறக்கும் நேரத்துக்குக் கீழே வையுங்கள். புரோக்கர் ஒன்றரை மடங்கு நேரம் காத்திருந்து பிறகே ஆளில்லை என்று முடிவு செய்யும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆர்எஸ்-485-ல் ஒழுங்கே இல்லாமல் பிழை வந்தால், அந்தக் கம்பியில் இரண்டாவதாக ஒரு மாஸ்டரை (கேள்வி கேட்கும் கருவி) யாரோ மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மோட்பஸ் டிசிபியில், ஒரு லேப்டாப் இணைந்ததும் சர்வர் வெளியே தள்ளப்பட்டால், கருவி தாங்கும் இணைப்புகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது.

அறிகுறி: டிரெண்டில் உச்சங்கள் காணவில்லை

அழுத்தம் எகிறி வால்வு திறந்தது எல்லோருக்கும் தெரியும். டிரெண்டு மட்டும் நேர்கோடு. ஓபிசி யூஏ சந்தாவில் மூன்று எண்களைப் பாருங்கள். 100 மில்லி விநாடிக்கு ஒரு மாதிரி, 1000-க்கு ஒருமுறை அனுப்பு, வரிசை அளவு 1 என்றிருந்தால், பத்து மாதிரியில் கடைசி ஒன்றுதான் வந்து சேரும். வரிசையை 10 ஆக்குங்கள். அது சரியென்றால் ஹிஸ்டோரியனின் சுருக்க அமைப்பு (சிறிய மாற்றங்களைச் சேமிக்காமல் விடுவது). அதன் விலகல் அளவு சென்சாரின் துல்லியத்தை விடச் சிறியதாக இருக்க வேண்டும். தொழிற்சாலை முழுக்க ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போன இடங்களில்தான் இந்தப் புகார் வரும்.

அறிகுறி: கட்டளை போகவில்லை

இங்கே மட்டும் ஒரு கண்டிப்பு. ஓடும் ஆலையில் "எழுதிப் பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். ஒரு ரிஜிஸ்டர் தள்ளிப்போனால் வேறொரு வால்வு திறக்கும். கருவியின் பக்கத்தில் ஆளும், கையில் வாக்கி-டாக்கியும், உள்ளூர் ஸ்விட்ச் பராமரிப்பு நிலையிலும் இருந்தால்தான் தொடங்கலாம்.

பிறகு நான்காவது கேள்வி. இந்தப் பாதையில் எல்லா இணைப்பும் கீழே எழுதும் வகையா? ஹிஸ்டோரியன் வழியாகவோ ஒருவழித் தரவுப் பாதை வழியாகவோ வரும் எண்ணுக்குத் திரும்பும் வழி கிடையாது, அது பாதுகாப்புக்காகவே அப்படி வைக்கப்பட்டது. அதைத் திறந்துவிடச் சொல்லாதீர்கள். எழுதும் வகைதான் என்றால், கருவியின் உள்ளூர்-தொலை ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று போன் செய்து கேளுங்கள். பாதிப் புகார்கள் அந்த ஒரு அழைப்பில் முடியும். டிஎன்பி3-லும் 104-லும் முதலில் தேர்ந்தெடு, பிறகு இயக்கு என்ற இரண்டு படி அமைப்பு இருந்தால், இரண்டாவது செய்தி நிலையம் காத்திருக்கும் நேரத்துக்குள் போகிறதா என்று பாருங்கள். தாமதமான ரேடியோவில் அது காலாவதியாகிவிடும்.

லோராவான் (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ரேடியோ நெட்வொர்க்) கருவி கிளாஸ் ஏ என்றால் அது தான் பேசிய பிறகு மட்டும் இரண்டு சிறு சன்னல்களைத் திறந்து கேட்கும், இயல்பான அமைப்பில் 1 விநாடி கழித்தும் 2 விநாடி கழித்தும். மணிக்கு ஒருமுறை பேசும் கருவிக்கு அனுப்பிய கட்டளை ஒரு மணி நேரம் வரை சர்வரில் காத்திருக்கும். ஆபரேட்டர் அதற்குள் நான்கு முறை பொத்தானை அழுத்தியிருப்பார், நான்கும் வரிசையில் நிற்கும். உடனே நடக்க வேண்டிய வேலைக்கு அந்தக் கருவியை எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் கிளாஸ் சிக்கு மாற்றி நிரந்தர மின்சாரம் கொடுங்கள். அது முடியாதென்றால், முதல் கட்டளை நிலுவையில் இருக்கும்வரை பொத்தான் அழுந்தாதபடி ஸ்கிரீனில் பூட்டுப் போட்டு, "கருவியின் அடுத்த செய்திக்காகக் காத்திருக்கிறது" என்று அதன் கீழேயே எழுதுங்கள்.